குடியிருப்புத் தெருவில் வேகமும் குறுக்குவழிப் போக்குவரத்தும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

"எங்கள் தெருவில் வண்டிகள் தாறுமாறாகப் பறக்கின்றன, உடனே ஒரு வேகத்தடை போட்டுத் தாருங்கள்." தெருக்காரர்கள் எழுதும் மனுவில் வழக்கமாக இருக்கும் வாசகம் இது. கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த வாசகத்துக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்து கிடக்கின்றன. ஒன்று, வண்டிகள் வேகமாகப் போவது. மற்றொன்று, அந்தத் தெருவில் எந்த வேலையும் இல்லாத வண்டிகள் மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்க உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியேறுவது. முதல் கோளாறுக்குக் காரணம் தெருவின் வடிவம். இரண்டாவதற்குக் காரணம் தெருவுக்கு வெளியே, பக்கத்து மெயின் ரோட்டில் இருக்கிறது. வேகத்தடை முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதை அநேகமாகத் தொடவே தொடாது. வேகத்தடை போட்டும் புகார் தீராத தெருக்கள் இத்தனை இருப்பது இதனால்தான்.

அதனால் மனு எழுதும் முன் எது உங்கள் தெருவின் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

தொடங்கும் முன்: இரண்டு அளவுகள்

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சைலன்சர் ஓட்டையான பைக் 30-ல் போனாலும் 60 போலக் கேட்கும். சத்தமே இல்லாத மின்சாரக் கார் 55-ல் போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவின் நடுப்பகுதியில், முனையும் வளைவும் வேகத்தடையும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஓரமாகச் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். இடைவெளி டேப் வைத்து அளந்த 50 மீட்டராக இருக்கட்டும். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாம் கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 விநாடி என்றால் 30, 4.5 விநாடி என்றால் 40, 3.6 என்றால் 50, 3 விநாடி என்றால் 60. போனில் வீடியோ எடுத்துவைத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கணக்கிட்டால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். நாலு பேர் கையில் நோட்டோடு ஓரத்தில் நின்றால் வருகிறவர் தானாகவே காலைத் தளர்த்துவார். ஆகவே மாடியிலோ வாசல் மறைவிலோ நின்று அளவெடுங்கள். அடுத்து, முன்னால் வேறு வண்டி இல்லாமல் தனியாக வரும் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஊர்ந்த வண்டியின் வேகம் அந்த ஓட்டுநர் தேர்ந்தெடுத்த வேகம் இல்லை.

நூறு வண்டி சேர்ந்ததும் குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகம் வரை வரிசைப்படுத்துங்கள். 85-ஆவது இடத்தில் நிற்கும் வேகம்தான் போக்குவரத்துப் பொறியாளர்கள் உலகெங்கும் கேட்கும் எண். சராசரி இங்கே உதவாது. சராசரி 32 என்று வரும் தெருவில் பத்துப் பதினைந்து பேர் 50-க்கு மேல் போய்க்கொண்டிருக்கலாம். குழந்தை பந்தை எடுக்க ஓடிவரும்போது எதிரே வருவது சராசரி வண்டி அல்ல.

இரண்டாவது அளவு, ஊடே போகும் வண்டிகளின் பங்கு. தெருவின் இரு முனையிலும் ஒருவர் ஒருவர் நின்று, நுழையும் வெளியேறும் வண்டிகளின் நம்பரில் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் குறியுங்கள். 400 மீட்டர் தெருவை மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். ஒரு முனையில் நுழைந்த அதே எண் மூன்று நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறினால் அந்த வண்டிக்கு உங்கள் தெருவில் வேலை இல்லை. காலை நெரிசல், மத்தியானம், மாலை நெரிசல் என்று மூன்று வேளையும் ஒவ்வொரு மணி நேரம் எடுங்கள். எண்களைக் கணக்குப் பார்த்ததும் அழித்துவிடுங்கள். பங்கு கண்டுபிடிப்பதுதான் வேலை, யார் என்று கண்டுபிடிப்பது அல்ல.

85-ஆவது வேகம் 40-ஐத் தாண்டினால் வேகக் கோளாறு என்று நான் எடுத்துக்கொள்வேன். நெரிசல் நேரத்தில் மூன்றில் ஒரு வண்டிக்கு மேல் ஊடே போனால் குறுக்குவழிக் கோளாறு. இரண்டும் இருந்தால் குறுக்குவழியை முதலில் பாருங்கள். அது குறைந்தால் வேகமாகப் போகும் வண்டிகளும் பெருமளவு கூடவே போய்விடும்.

ஏன் 30 என்று அடம்பிடிக்கிறோம்

குடியிருப்புத் தெருவுக்கு நாம் கேட்கும் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். "30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று தெருக்காரர் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். 30-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8.3 மீட்டர் ஓடும், காய்ந்த தரையில் நன்றாக பிரேக் அடித்தால் இன்னும் சுமார் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டருக்குச் சற்று மேல். 50-ல் வரும் கார் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 13.9 மீட்டர் போய்விடுகிறது. அதாவது முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் வேகம் ஒரு துளியும் குறையாமல் 50-லேயே தாண்டுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 30-ல் இருப்பதைப்போல அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவரும் சைக்கிள்காரரும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30-ஐ உச்ச வரம்பாக்கச் சொன்னது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் நீங்கலாக ஊர் முழுக்க 30 என்று வைத்துவிட்டது. 2021 மே மாதம் முதல் ஸ்பெயினில், ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரத் தெருக்கள் எல்லாவற்றிலும் 30-தான் வரம்பு. மனுவில் இந்த இரண்டு மூன்று வரியைச் சேர்த்தால், அசாதாரணமான எதையோ கேட்கிறீர்கள் என்ற எண்ணம் அதிகாரிக்கு வராது.

அறிகுறி: "நாள் முழுக்க வேகமாகப் போகிறார்கள், தெரு காலியாக இருக்கும்போது இன்னும் மோசம்"

தெரு அகலமாகவும் நேராகவும் இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுநர் பலகையைப் பார்த்து வேகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, கண்ணுக்கு முன்னால் எவ்வளவு தூரம் தடையில்லாமல் தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். 60-ல் போகலாம் என்று தரை சொல்லும்போது 30 என்று ஒரு பலகை சொன்னால், தரையின் பேச்சுதான் எடுபடும். "குழந்தைகள் விளையாடும் இடம், மெதுவாகச் செல்லவும்" என்ற பலகையும் அப்படித்தான். அது எழுதியவர் மனதுக்கு ஆறுதல் தரும், வேகத்தைக் குறைக்காது. ஒருவேளை குழந்தைகளின் பெற்றோருக்குப் பொய்யான தைரியத்தையும் தரும், அது எனக்குப் பலகையே இல்லாததைவிடக் கவலையாக இருக்கிறது.

இங்கே வேண்டியது தெருவைக் கண்ணுக்குக் குறுகலாக்குவது. எங்கே குறுக்கலாம் என்பதைத் தெருவே காட்டிக்கொடுக்கும். பனி பெய்யும் ஊர்களில் சக்கரம் படாத இடத்தில் பனி அப்படியே குவிந்து கிடப்பதைப் படம் எடுத்துக் காட்டுவார்கள். பனி இல்லாத ஊரில் மணலும் சருகும் அதே வேலையைச் செய்கின்றன. பெருக்குவதற்கு முன் விடியற்காலையில் முனையில் போய் நின்று பாருங்கள். நடுவில் சக்கரங்கள் துடைத்து வைத்த கறுப்புத் தார், ஓரத்தில் இரண்டு அடி மூன்று அடிக்குக் கலையாமல் படிந்த மணல், முனையின் வளைவில் முக்கோணமாகச் சேர்ந்த இலை. அந்த மணலும் இலையும் கிடக்கும் பரப்பை எந்த வண்டியும் பயன்படுத்தவில்லை. அதை நடைபாதையாகவோ மரம் வைக்கும் இடமாகவோ எடுத்துக்கொண்டால் யாருடைய வழியும் குறையாது. ஒரு படம் எடுத்து மனுவோடு இணையுங்கள்.

அதன்பின் தெருவை நேர்கோடாக இல்லாமல் மாற்ற வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தைச் சிறிது தூரம் ஒரு பக்கம், அடுத்துச் சிறிது தூரம் மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தாலே ஓட்டுநர் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பெயின்ட் செலவு மட்டும்தான். பெயின்ட்டுக்குப் பதில் தொட்டிச் செடியோ கல்விளிம்போ இருந்தால் இன்னும் நிற்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் குடியிருப்போர் தங்கள் தெருக்களைத் தாங்களே இப்படி வளைத்து, செடியும் பெஞ்சும் வைத்தார்கள். நடப்பவருக்கே முன்னுரிமை உள்ள அந்தத் தெரு வகைக்கு 1976-ல் அந்த நாட்டுச் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. வேகத்தடையை நான் கடைசியாகத்தான் சேர்ப்பேன். ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள் என்றால் அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி: "வேகத்தடை இருக்கிறது, அதைத் தாண்டியதும் சீறிக்கொண்டு போகிறார்கள்"

இடைவெளி அதிகம். 200 மீட்டருக்கு ஒன்று என்று போட்டால் ஓட்டுநர் இழந்த நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். இரண்டு தடைக்கு நடுவே வேகம் முன்பைவிடக் கூடினாலும் ஆச்சரியமில்லை. மேலே சொன்ன 50 மீட்டர் அளவைத் தடைக்கு மேல் எடுக்காதீர்கள், இரண்டு தடைக்கு நடுவில் எடுங்கள். வேகம் எல்லா இடத்திலும் 30-ஐ ஒட்டி இருக்க வேண்டுமானால் இடைவெளி 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் தடை தெரு முனையிலிருந்து கிட்டத்திலேயே வர வேண்டும், வண்டி வேகம் எடுப்பதற்கு முன்.

இடைவெளியைப் பார்த்துவிட்டு வடிவத்தையும் அளந்து பாருங்கள். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மேடு, போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வட்ட வில்போல மெதுவாக ஏறி இறங்குவது. இன்றும் பல நாடுகளின் விதிகள் இந்த அளவைத்தான் சொல்கின்றன, இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டி உட்பட. தெருவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இது அல்ல. மிச்சமான தாரைக் குவித்து ஒரு இரவில் போட்ட, ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கும் திட்டு. அதன் கோளாறு விசித்திரமானது. மெதுவாகப் போகிறவரின் முதுகை அது உடைக்கும். வேகமாகப் போகிறவருக்கோ, சஸ்பென்ஷன் ஒரு நொடியில் வாங்கிக்கொள்வதால், குலுக்கல் குறைவாகவே தெரியும். நல்ல வடிவம் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும்: 25-ல் போனால் ஏறி இறங்கியதே பெரிதாகத் தெரியாது, 45-ல் போனால் தூக்கிப் போடும்.

பெயின்ட் அழிந்த, விளக்கு வெளிச்சம் படாத தடை இரவில் பைக்கில் வருகிறவரைக் கீழே தள்ளும் பொறி. அதை உடனே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். தடையோடு வாழ்ந்து பழகிய தெருக்காரருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், முதல் தடவை வருகிறவருக்குத் தெரியாது.

அறிகுறி: "கார்கள் மெதுவாகின்றன, பைக்குகள் மட்டும் ஓரமாக நழுவிப் போகின்றன"

தடையின் இரு ஓரத்தையும் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓட ஒரு சாண், இரண்டு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் தரை பளபளவென்று தேய்ந்திருக்கும், அத்தனை டயர் அதில் ஓடியிருக்கிறது. பிரச்சினை பைக் வேகமாகப் போவது மட்டும் அல்ல. மேட்டைத் தவிர்க்க அது தெருவின் ஓரத்துக்கு, அதாவது நடப்பவர் நடக்கும் இடத்துக்கே இழுக்கப்படுகிறது. தடை இல்லாதபோது நடுவில் போன பைக்கைத் தடை போட்டு முதியவர்மேல் திருப்பிவிட்டோம்.

தண்ணீருக்கு வழி வேண்டும்தான். மேட்டை ஓரம்வரை கொண்டுபோய், வடிகாலை அடியில் குழாயாகவோ மேலே இரும்புச் சட்டம் போட்ட வாய்க்காலாகவோ மாற்றுவது சரியான வழி. அது முடியாத இடத்தில் அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் குட்டைக் கம்பம் நட்டு மறிக்கலாம். அதைவிட நல்லது, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடை. 6.7 மீட்டர் நீளம், நடுவில் 3 மீட்டர் தட்டை, இரு பக்கமும் சரிவு. நடப்பவர் இறங்கி ஏறாமல் தெருவைக் கடக்கலாம், தள்ளுவண்டிக் குழந்தையும் சக்கர நாற்காலியும் போகும், ஓரத்தில் நழுவ இடமும் இருக்காது.

அறிகுறி: "ஒரே ஒரு முனையில்தான் பயம்"

மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும் வளைவு பெரிதாக இருந்தால் வண்டி பிரேக் தொடாமலே உள்ளே வரும். முனையின் வளைவை இறுக்குங்கள். பெயின்ட்டும் ரப்பர் கம்பமும் வைத்தே செய்து பார்க்கலாம். குப்பை லாரியும் தீயணைப்பு வண்டியும் திரும்ப முடிகிறதா என்று மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கூடவே, முனையிலிருந்து ஐந்தாறு மீட்டர்வரை வண்டி நிறுத்த விடாதீர்கள். நிறுத்தின வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை எட்டிப் பார்ப்பதை ஓட்டுநரால் பார்க்க முடியாது.

அறிகுறி: "காலையும் மாலையும் வரிசை கட்டி வருகின்றன, மற்ற நேரம் தெரு அமைதி"

இதுதான் குறுக்குவழிக் கோளாறின் அசல் முகம். நம்பர் கணக்கெடுப்பு அதை உறுதிசெய்திருக்கும். இதற்கு வேகத்தடை கேட்காதீர்கள். சிக்னலில் நான்கு நிமிடம் காத்திருப்பதைவிட மூன்று மேட்டில் ஏறி இறங்குவது ஓட்டுநருக்கு லாபம், ஏறி இறங்கிப் போவார்.

முதலில் மெயின் ரோட்டுக்குப் போய் நில்லுங்கள். எந்த இடத்தில் வண்டிகள் உள்ளே திரும்புகின்றன, எதைத் தவிர்க்கின்றன என்று பாருங்கள். பல நேரங்களில் காரணம் ஒரே சிக்னலாக இருக்கும்: திரும்புகிறவர்களுக்குப் பச்சை நேரம் போதாமல் இருக்கும், அல்லது திரும்பும் தடத்தை நின்றுகொண்டிருக்கும் வண்டிகள் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்வது உங்கள் தெருவில் எதைக் கட்டுவதையும்விட மலிவு, வேகமும்கூட. போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுதும்போது "எங்கள் தெருவை அடைத்துவிடுங்கள்" என்று எழுதாமல், "இன்ன முனையில் இன்ன திசையில் திரும்பும் பச்சை நேரத்தில் இத்தனை வண்டிதான் கடக்கிறது, மீதி எங்கள் தெரு வழியாகப் போகிறது" என்று எண்ணோடு எழுதுங்கள். படிக்கிற அதிகாரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

போனில் உள்ள மேப் இந்தக் கோளாறைப் பெரிதாக்கியிருக்கிறது. முன்பு உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்த சந்து இப்போது முதல்முறை ஊருக்கு வருகிறவருக்கும் தெரிகிறது. மேப் கணக்கிடுவது நேரத்தை. தெருவில் வீடு இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்திலுள்ள லியோனியா என்ற சிற்றூர், மேப் செயலிகள் தள்ளிவிடும் வண்டிகளைப் பொறுக்க முடியாமல் 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியாட்களுக்கு மூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இதில் நமக்கு வேலைக்காகும் பாடம் இருக்கிறது. "இந்தத் தெருக்காரருக்கு மட்டும்" என்று ஆளைப் பார்த்துத் தடுக்கும் தடை நிற்பது கஷ்டம். பொதுத் தெரு பொதுவுக்குத்தான். எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பொருந்தும் தடை, அதாவது யாராக இருந்தாலும் உள்ளே வரலாம், ஆனால் ஊடே போக முடியாது என்பதுதான் நியாயமாகவும் இருக்கும், நிலைத்தும் நிற்கும்.

அந்தத் தடைக்குப் பெயர் வடிகட்டி. தெருவின் நடுவில் ஓர் இடத்தில் கம்பங்களோ செடித்தொட்டிகளோ வைத்துக் கார் கடக்காமல் மறித்துவிடுவது. நடப்பவரும் சைக்கிளும் கடக்கலாம். எல்லா வீட்டுக்கும் கார் போகும், ஏதாவது ஒரு பக்கமிருந்து. நாற்சந்தியில் மூலைக்கு மூலை சாய்வாக வைத்தால் நான்கு பக்கத்து வண்டியும் திரும்பித்தான் போக முடியும், நேராகப் போக முடியாது. முட்டுத்தெரு உண்டாகாமல் வேலை முடிந்துவிடும், குப்பை லாரி ரிவர்ஸ் எடுக்கவும் வேண்டாம். வைத்ததும் முதல் வேலையாக மேப் செயலியில் அந்த இடம் மூடப்பட்டது என்று திருத்தம் அனுப்புங்கள். இல்லாவிட்டால் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடிக்கும் கார்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட வேண்டும், சக்கர நாற்காலியும் சரக்குச் சைக்கிளும் போக. அதில் பைக்கும் போகும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பைக்கை மட்டும் தடுத்து நாற்காலியை விடும் கேட் என்று கடையில் விற்கும் எதையும் நம்பாதீர்கள். பைக்கைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கினால் நாற்காலியில் இருப்பவரைத்தான் முதலில் தடுக்கிறோம். பைக்குக்கு வடிகட்டியின் மேலேயே உயர்த்திய மேடை அமைத்து வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

அறிகுறி: "ஒருவழிப் பாதை ஆக்கினோம், வேகம் கூடிவிட்டது"

எதிரே வண்டி வராது என்று தெரிந்ததும் ஓட்டுநர் முழு அகலத்தையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வார். இருவழியாக இருந்தபோது எதிரே வருபவரைப் பார்த்து ஒதுங்கிய அந்தத் தயக்கம்தான் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. ஒருவழி ஆக்குவதாக இருந்தால் கிடைத்த அகலத்தை உடனே நடைபாதைக்கோ சைக்கிளுக்கோ கொடுத்துத் தெருவைக் குறுக்குங்கள். இன்னொன்று, தெரு முழுக்க ஒரே திசையாக வைக்காதீர்கள். பாதித்தூரம் ஒரு திசை, மீதி எதிர்த்திசை என்று நடுவில் முகத்தோடு முகம் முட்டும்படி வைத்தால் ஊடே போகவே முடியாது. கம்பம் இல்லாத வடிகட்டி அது. பலகையை மதிக்காதவர் மீறுவார் என்பதால் கண்காணிப்பு வேண்டும்.

அறிகுறி: "எங்கள் தெரு சரியானது, பக்கத்துத் தெரு கெட்டது"

இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் தடுப்பு வைப்பார்கள், வண்டி அதற்கடுத்த தெருவுக்குப் போகும். கடைசியில் யார் சத்தமாகப் பேசத் தெரியாதவர்களோ, யாருக்கு அதிகாரிகளைத் தெரியாதோ, அவர்கள் தெருவில் போய் எல்லாம் சேரும்.

குறுக்குவழியைத் தெரு தெருவாகத் தீர்க்க முடியாது. மெயின் ரோடுகள் நான்கு பக்கமும் சூழ்ந்த பகுதி முழுவதையும் ஒரே அலகாக எடுக்க வேண்டும். தாளில் அந்தப் பகுதியை வரைந்து, ஒரு மெயின் ரோட்டிலிருந்து இன்னொரு மெயின் ரோட்டுக்குக் காரில் போகக்கூடிய எல்லா வழியையும் சிவப்புப் பேனாவில் போடுங்கள். பிறகு எத்தனை குறைவான இடத்தில் வெட்டினால் எல்லாச் சிவப்புக் கோடும் அறுபடும் என்று தேடுங்கள். இருபது முப்பது தெரு உள்ள பகுதிக்கும் ஐந்தாறு வடிகட்டி போதும் என்ற நிலை பல நேரம் வரும். தெருவுக்கு மூன்று வேகத்தடை போடுவதைவிட இது மலிவு.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-ல் தன் நடுப்பகுதியை நான்கு துண்டாகப் பிரித்தது. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்கு வந்துதான் போக வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் அதே வழியில் ஆறு துண்டாகப் பிரித்தது. எந்த வீட்டையும் காருக்கு மூடவில்லை, ஊடே போவதைத்தான் மூடினார்கள்.

அப்படிச் செய்தால் மெயின் ரோடு திணறாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். முதல் சில வாரம் திணறும். பிறகு ஒரு பகுதி வண்டிகள் எங்குமே தென்படுவதில்லை: சிலர் நேரத்தை மாற்றுகிறார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், சிலர் நடக்கிறார்கள். சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீஃபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பதினொரு நாடுகளில் சாலை இடத்தைக் குறைத்த 70-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். பாதி இடங்களில், சுற்றியுள்ள சாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், முன்பு அந்தச் சாலையில் ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை என்பதையும் அதே தொகுப்பு காட்டுகிறது. ஆகவே மெயின் ரோட்டிலும் முன்னும் பின்னும் எண்ணுங்கள். அங்கேயும் மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

அறிகுறி: "வேகத்தடை போட்டபிறகு வீடு அதிர்கிறது, ஆம்புலன்ஸ் தாமதமாகிறது"

பஸ்ஸும் லாரியும் போகும் தெருவில் முழு அகல மேடு தவறான தேர்வு. வண்டியின் பின்பாகம் விழும்போது தரை அதிரும், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே இருந்தால் தூக்கம் போகும். இந்தப் புகாரைச் சொல்கிறவரை முன்னேற்றத்துக்கு எதிரி என்று நடத்தாதீர்கள். மேட்டை இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள எல்லைச் சுவருக்கு நேரே நகர்த்துங்கள், அல்லது திண்டு வகைக்கு மாற்றுங்கள். 1.6 முதல் 1.9 மீட்டர் அகலமுள்ள திண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால், சக்கர அகலம் கூடிய பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் இருபுறமும் கால் விரித்துக் கடந்துவிடும், கார் ஒரு சக்கரத்தையாவது மேலே ஏற்றியாக வேண்டும். பைக்குக்கு நடுவில் வழி கிடைத்துவிடும் என்பதால், பைக்தான் தொல்லை என்ற தெருவுக்குத் திண்டு சரிவராது.

வடிகட்டி வைக்கும் இடத்தில் நடுக்கம்பம் ஒன்றைப் பூட்டுச்சாவியோடு கழற்றும்படி வையுங்கள். சாவி தீயணைப்பு நிலையத்திலும் ஆம்புலன்ஸ் சேவையிடமும் இருக்கட்டும். அவர்களைத் திட்டம் முடிந்தபிறகு அல்ல, வரைபடம் போடும் நாளிலேயே கூப்பிடுங்கள்.

அறிகுறி: "அளந்து பார்த்தால் வேகமாகப் போவது எங்கள் தெருக்காரர்களே"

இது அடிக்கடி நடக்கும். நம்பர் கணக்கில் ஊடே போகும் வண்டி சொற்பம், 85-ஆவது வேகம் மட்டும் 48 என்று வந்தால் அதற்கு அர்த்தம் இதுதான். தெருவை நன்றாகத் தெரிந்தவர்தான் அதில் தயங்காமல் போவார். அளவைப் பெயர் சொல்லாமல் கூட்டத்தில் வையுங்கள்: இத்தனை வண்டி, இத்தனை வேகம், இத்தனை பங்கு இங்கேயே குடியிருக்கும் வண்டிகள். யாரையும் சுட்ட வேண்டாம். அதற்குப் பிறகு வடிகட்டியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, தெருவைக் குறுக்கும் வேலைக்கு நேராகப் போங்கள். நாலு சந்திலும் "நில்" பலகை வைக்கலாம் என்று ஒருவர் சொல்வார். வேகத்தைக் குறைக்க அந்தப் பலகையைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் சாலைக்குறி விதிநூலே சொல்கிறது. குறுக்கே வண்டி வராத சந்தில் யாரும் நிற்க மாட்டார்கள், அந்தப் பழக்கம் நிற்க வேண்டிய சந்துக்கும் தொற்றிக்கொள்ளும்.

அறிகுறி: "எல்லாம் எழுதினோம், எதுவும் நகரவில்லை"

நிரந்தர வேலைக்கு அனுமதி கேட்டால் மதிப்பீடு, ஒப்பந்தம், நிதி என்று இழுக்கும். மூன்று மாத சோதனைக்கு அனுமதி கேளுங்கள். செடித்தொட்டி, ரப்பர் கம்பம், பெயின்ட். சரிவராவிட்டால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பதால் கையெழுத்துப் போடுகிறவருக்கும் பயம் இல்லை. உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். இரவில் தொட்டியில் மோதி ஒருவர் விழுந்தால் பொறுப்பு வைத்தவர் தலையில்தான்.

சோதனைக்கு முன் எடுத்த அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். வேகம், ஊடே போகும் பங்கு, பக்கத்துத் தெருக்கள், மெயின் ரோடு. முதல் மூன்று வாரத்தின் எண்ணை முடிவாக எடுக்காதீர்கள், ஓட்டுநர்கள் அப்போதுதான் புதுவழி தேடிக்கொண்டிருப்பார்கள். எதிர்ப்பும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும்.

எண்ணோடு இன்னொன்றையும் குறியுங்கள்: தெருவில் யார் இருக்கிறார்கள். சாயங்காலம் அரைமணி நேரம், விளையாடும் குழந்தைகள் எத்தனை, வாசலில் நின்று பேசுகிறவர்கள் எத்தனை, தனியாக நடந்து போகும் முதியவர்கள் எத்தனை. சான் பிரான்சிஸ்கோவில் 1969-ல் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டி, ஒன்றில் 8,000, ஒன்றில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள், வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. சோதனை முடிவு அறிக்கையின் முதல் பக்கத்தில் வேகக் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கையும் வையுங்கள். சோதனை நீட்டிக்கப்பட வேண்டுமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள், எதிர்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு.